டாக்டர் மீது கை ஓங்கும் முன்...





இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறை என்று எழுதி வருகிறோம். இம்முறை நாம் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டோம். மருத்துவமனையில் டாக்டர்கள் மீதும் நர்ஸுகள் மீதும் கை நீட்டுகிற பழக்கம் பற்றியது அது. எங்கோ நடப்பதைப் பார்த்து எழுதவில்லை. எங்கள் கண் முன்னால் நடந்ததால் எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரை நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தகவல் கிடைத்து எங்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போன அரை மணி நேரத்தில் பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். அதைச் சொல்ல வெளியே வந்த பெண் டாக்டருக்கு நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அவர் பேசி முடிப்பதற்குள் பெரியவரின் மகன் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைத் தூக்கிவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவர் செல்போனை எடுத்து டாக்டரின் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தார். டாக்டர் நர்ஸ் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வந்து நிலைமை அடங்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அடுத்த கட்டிலில் ஒரு பாட்டி மூச்சுத்திணறலோடு படுத்திருந்தார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றோம். அந்த மகனின் கையைப் பிடிக்க எங்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு நிமிடத் தயக்கத்துக்கு அல்லாஹ்விடம் நாங்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.

கிண்டியில் நடந்தது

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் நடந்ததைப் பலரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் பாலாஜி ஜெகந்நாதனை, அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன், டாக்டரின் அறையிலேயே கத்தியால் பலமுறை குத்தினார். கழுத்திலும் தலையிலும் காயம். அதே மருத்துவமனையின் டாக்டர்கள் உடனே சிகிச்சை செய்து அவர் உயிரைக் காப்பாற்றினார்கள்.

அந்த இளைஞரின் கோபத்துக்குக் காரணமாக அன்று சொல்லப்பட்டது இது: தாய்க்குக் கொடுத்த மருந்தால் அவருடைய நுரையீரல் பாதிக்கப்பட்டுவிட்டது என்று பிறகு காட்டிய வேறோர் இடத்தில் கேள்விப்பட்டாராம். தாயின் வேதனையைத் தினமும் பார்க்கும் ஒரு மகனின் மனநிலை நமக்குப் புரியாதது அல்ல. ஆனால் அந்தக் கத்தியால் அந்தத் தாய்க்குக் கிடைத்தது என்ன? நோய் அப்படியே இருக்க, மகன் சிறைக்குப் போனார். தமிழகம் முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அன்று பல ஊர்களில் புறநோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். அடி ஒரு டாக்டருக்கு, வலி ஆயிரம் நோயாளிகளுக்கு.

இது புதிதும் அல்ல. 2012 ஜனவரி 2 அன்று தூத்துக்குடியில் டாக்டர் சேதுலட்சுமி, தம்முடைய மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிகிச்சையில் இறந்துபோன ஒரு கர்ப்பிணியின் கணவர் அந்த வழக்கில் கைதானார். 2023 மே 10 அதிகாலையில் கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காயத்துக்குக் கட்டுப் போடுவதற்காகப் போலீஸார் அழைத்து வந்த ஒருவர், அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்து 23 வயதான பயிற்சி டாக்டர் வந்தனா தாஸைக் குத்திக் கொன்றார். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். அப்போது நம் ஜிப்மர் டாக்டர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். இவை எல்லாம் ஒரே வகைக் குற்றங்கள் அல்ல. ஆனால் மருத்துவமனையில், அதிலும் இரவு நேரத்தில், வேலை பார்ப்பவருக்குப் பாதுகாப்பு எவ்வளவு குறைவு என்பதை எல்லாமே காட்டுகின்றன. மருத்துவப் பணியில் இருப்பவர்களில் நூற்றுக்கு 8 முதல் 38 பேர் வரை தம் பணிக்காலத்தில் ஒரு முறையாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டும் மிரட்டலும் இந்தக் கணக்கில் இல்லை.

நீட் தேர்வுக்குப் படிக்கும் நம் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நாளை இரவுப் பணியில் அந்த நாற்காலியில் உட்காரப் போவது அவர்கள்தான்.

நம் சமுதாயத்தைப் பற்றியும் பேசுவோம்

2020 ஏப்ரல் 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், முஸ்லிம்கள் அதிகம் வாழும் தாட்பட்டி பாகல் என்ற பகுதிக்குக் கொரோனா தொடர்பாக விசாரிக்கச் சென்ற சுகாதாரக் குழுவைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்திகள் பரவி, மக்கள் மனத்தில் அச்சம் ஏறியிருந்தது. காயம்பட்ட இரண்டு பெண் டாக்டர்களில் ஒருவர் டாக்டர் ஜாகியா சையத். நம் சமுதாயத்துப் பெண்! மறுநாளே இருவரும் பணிக்குத் திரும்பினார்கள். பிறகு அந்த ஊர் முஸ்லிம்கள் தரப்பிலிருந்து பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். தவறு செய்தது நம்மவர் என்றால் மறைக்காமல் மன்னிப்புக் கேட்பதுதான் கண்ணியம் என்பதை இந்தூர்க்காரர்கள் காட்டினார்கள். ஆனால் அந்த மன்னிப்புக்கு முன்னாலேயே கல் விழுந்துவிட்டதே! உறுதிப்படுத்தாத செய்தியை நம்பி ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள் என்பது நம் மார்க்கம் நமக்குச் சொன்ன எச்சரிக்கை அல்லவா?

அதே மாதம் 19-ஆம் தேதி சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. அடி வாங்கிய நண்பர் டாக்டர் பிரதீப்குமார், நள்ளிரவில் திரும்பி வந்து மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். ஜனாஸாவின் கண்ணியம் என்னவென்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்தவர்களில் நம் இளைஞர்களும் பலர் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஜனாஸாவுக்குக் காட்டிய அந்தக் கண்ணியத்தை உயிரோடு நமக்கு வைத்தியம் பார்ப்பவருக்கும் காட்டுவோம்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

கோபமே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. பல நேரம் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் எதிரே நிற்கும் டாக்டரின் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாங்கள் நோயாளிகளோடு போய் வந்ததில் பார்த்த நான்கு இடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, காத்திருப்பது. அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதல் சிகிச்சை என்ற முறை கிடையாது. உயிருக்கு அதிக ஆபத்து யாருக்கோ அவருக்கே முதலிடம். கை முறிந்து வலியால் துடிப்பவர் காத்திருக்க, சத்தமே போடாமல் படுத்திருக்கும் ஒருவரை முதலில் பார்ப்பார்கள். அந்தச் சத்தமில்லாதவர் மயக்கத்தின் விளிம்பில் இருப்பார். வெளியே நிற்கும் நமக்கு அது தெரியாது.

இரண்டாவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. கரையாம்புத்தூர் ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற இடத்தில் முதலுதவி செய்யலாம், ஊசி போடலாம், பிரசவம் பார்க்கலாம். மாரடைப்புக்கு அடைப்பு நீக்கவோ, தலைக்காயத்துக்கு ஆபரேஷன் செய்யவோ அங்கே முடியாது. கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ போங்கள் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர் நம்மைக் கைகழுவவில்லை. நேரத்தை வீணாக்காமல் சரியான இடத்துக்கு வழி காட்டுகிறார். “ஏன் இங்கேயே பார்க்கக் கூடாது?” என்று அவரோடு சண்டை போடும் பத்து நிமிடம் நோயாளியின் பத்து நிமிடம்.

மூன்றாவது, “ஊசி போட்டதும் போய்விட்டார்” என்ற சொல். இதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! இதயம் நிற்கப் போகும் நேரத்தில், அல்லது நின்றுவிட்ட பிறகு, அதைத் திரும்ப இயக்க அட்ரினலின் போன்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். நெஞ்சின் மீது இரு கைகளையும் வைத்து வேகமாக அழுத்துவார்கள். விலா எலும்பு முறியும் அளவுக்குக்கூட அழுத்த வேண்டி வரும். கதவின் கண்ணாடி வழியே பார்க்கும் உறவினருக்கு ஊசி போட்டதும், நெஞ்சில் குத்துவதும், பிறகு உயிர் பிரிந்ததும்தான் தெரியும். உயிர் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த ஊசி என்பது தெரியாது. இதை டாக்டர்கள் முன்கூட்டியே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. புற்றுநோய் மருந்து போன்றவற்றின் பக்கவிளைவுகளையும் சிகிச்சைக்கு முன்பே விளக்கிச் சொல்வது அவர்களின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

நான்காவது, மய்யித்தைப் பெறுவதில் ஆகும் தாமதம். நம் சமுதாயத்தில் அதிகம் வாக்குவாதம் வருவது இங்கேதான். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்பது நம் மார்க்கக் கடமை. ஆனால் விபத்து, விஷம், தற்கொலை, சந்தேகத்துக்குரிய சாவு ஆகியவற்றில் போலீஸ் விசாரணை சட்டப்படி நடந்தாக வேண்டும். பிரேதப் பரிசோதனை தேவையா என்பதும் அதில்தான் முடிவாகும். “வேண்டாம்” என்று விட்டுக்கொடுக்கும் அதிகாரம் பணியில் இருக்கும் டாக்டருக்கு இல்லை. அவரிடம் சத்தம் போட்டால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது. காவல் நிலையத்தில் விரைந்து எழுத்து வேலையை முடிப்பதுதான் வழி. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அறிவித்தது. கொலை, தற்கொலை, சந்தேகச் சாவு போன்றவை பொதுவாக இதில் அடங்கா. சாலை விபத்து போன்றவற்றில் இதைச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு மருத்துவமனையில் பணியில் இருப்பவர் அரசு ஊழியர். அவரைப் பணி செய்ய விடாமல் தடுக்கத் தாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. காயப்படுத்தினால் 121-ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை. கொடுங்காயம் என்றால் ஓராண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை.

நம் ஊர் எல்லையில் இருக்கிறது. கடலூர், விழுப்புரம், சென்னை என்று தமிழக மருத்துவமனைகளுக்கும் போகிறோம். அங்கே 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். தாக்குதலுக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் வர முடியாத குற்றம். உடைத்த கருவிக்கு இரண்டு மடங்கு இழப்பீடும் கட்ட வேண்டும். மத்திய அரசு மருத்துவமனைகளில் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிர்வாகமே போலீஸில் புகார் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஆகஸ்ட் 16-இல் உத்தரவு வந்துள்ளது. அடிபட்ட டாக்டர் மன்னித்துவிட்டால் போதும் என்ற காலம் போய்விட்டது.

வெளிநாட்டு வேலையை நம்பியிருக்கும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்கவும். நீதிமன்றத்தில் குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டும், விசாவுக்குக் கேட்கும் போலீஸ் சான்றிதழும் கிடைப்பது சிக்கலாகும். ஒரு நிமிடக் கோபத்துக்கு ஒரு குடும்பத்தின் பிழைப்பையே விலையாகக் கொடுக்க வேண்டி வரலாம்.

டாக்டர் உண்மையிலேயே தவறு செய்திருந்தால்?

தவறே நடப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அலட்சியத்தால் உறவை இழந்த குடும்பத்திடம் “பொறுமையாக இருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவது நியாயமும் அல்ல. கையை ஓங்காதீர்கள் என்று சொல்லும் நாங்கள், வேறு வழி என்ன என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒன்று, சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. கண்ணாடியை உடைத்தவனுக்கு எதிராக ஒரு வழக்கு உருவாகும். காகிதத்தை வாங்கியவன் கையில் ஒரு வழக்கு இருக்கும்.

இரண்டு, மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்துப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்குங்கள். டாக்டரின் நடத்தை பற்றிய புகாரை அவர் பதிவு பெற்ற மருத்துவக் கவுன்சிலுக்கும் அனுப்பலாம்.

மூன்று, பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இந்தச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியிருக்கிறது. அவற்றின் மீது நீதிமன்ற வழியில் இழப்பீடு கேட்கலாம். பெண்களும் வருமானம் குறைந்தவர்களும் இலவச சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி பெறலாம்.

நான்கு, அலட்சியத்தால் உயிர் போனது என்று நம்பினால் போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் அதே துறை அறிந்த வேறொரு டாக்டரின் கருத்தைப் பெறாமல் டாக்டர் மீது மேல்நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. எனவே அன்றிரவே கைது செய்யவில்லை என்று போலீஸோடு மோத வேண்டாம்.

ஐந்து, பில் பாக்கிக்காக மய்யித்தைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் கூறுகிறது. அப்படி நடந்தால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இந்த வழிகள் மெதுவானவைதான். வருடக் கணக்கில் ஆகலாம். ஆனால் தவறு செய்தவரிடம் பதில் கேட்கும் வழி இதுதான். கம்பியைத் தூக்கிய நிமிடமே, அதுவரை நியாயம் கேட்டவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். அதன் பிறகு அவர் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் வேண்டுவது

நோயாளியோடு இரண்டு பேர் மட்டும் போங்கள். நலம் விசாரிப்பது சுன்னத்தான அமல்தான். ஆனால் அவசரப் பிரிவின் வாசலில் இருபது பேர் நிற்பது நலம் விசாரிப்பது ஆகாது. டாக்டரிடம் பேச ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டிலேயே நிதானமானவராக இருக்கட்டும். மகனோ கணவரோதான் பேச வேண்டும் என்பதில்லை. பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அதைச் சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. வார்டில் படம் எடுக்க வேண்டாம். எடுத்ததை அனுப்பவும் வேண்டாம்.

மரணச் செய்தி வந்த முதல் பத்து நிமிடம்தான் ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் மகனையோ சகோதரனையோ தனியே விடாதீர்கள். தோளைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள், உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், அழ விடுங்கள். சோதனையின் முதல் அதிர்ச்சியில் காட்டும் பொறுமையே பொறுமை என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுமையை அவர் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கூட இருப்பவர்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

எங்கள் பங்கிற்கு, இனி மருத்துவமனைக்குப் போகும் எங்கள் தொண்டர்களில் ஒருவர் டாக்டரோடு பேசவும், ஒருவர் குடும்பத்தாரோடு இருக்கவும், ஒருவர் எழுத்து வேலைகளைப் பார்க்கவும் என்று பிரித்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். புகார் எழுதவும் ஆவணம் கேட்கவும் உதவி வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மகனைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது அஸர் நேரத்தில். வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்குக் கிளம்பியது இஷாவுக்குப் பிறகு. சில வாரம் கழித்து அவர் எங்களிடம் வந்தார். “கேஸாகத்தான் இருக்கும் என்று அத்தாவிடம் சொன்னது நான்தான் பாய்” என்று சொல்லிவிட்டு அழுதார். அன்று இரவு அவர் கம்பியை ஓங்கியது யார் மீது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவருடைய அத்தாவின் மரணம் அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் நெஞ்சுவலி வந்தால் வாயு என்று ஒதுக்காமல், 108-ஐ அழைத்து உடனே கிளம்ப வேண்டும் என்பதை நாம் எல்லோரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அழைத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனோம். அந்த டாக்டர் அன்று பணியில் இல்லை. மன்னிப்புக் கேட்டு அவர் தம் கையால் எழுதிய கடிதத்தைத் தலைமை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தோம். பதில் எதுவும் வரவில்லை. பதிலை எதிர்பார்த்து எழுதிய கடிதமும் அல்ல அது.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அளிப்பானாக. அவர்களுக்காக இரவு பகலாக உழைப்பவர்களை நம் கையாலும் நாவாலும் தீங்கு அடையாமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்